பெற்றவள் விட்டுப்போன பேன்

பேன் என்று சொன்னதுமே உங்கள் கை தலைக்குப் போய்விட்டது, இன்ஸ்பெக்டர். சங்கடப்பட வேண்டாம், எல்லோருக்கும் அப்படித்தான். வகுப்பில் இந்தப் பாடத்தை எடுக்க ஆரம்பித்த ஐந்தாவது நிமிஷம் முன்வரிசையில் பாதிப் பேர் சொறிந்துகொண்டிருப்பார்கள்.

நான் வந்தது ஒரு திருத்தத்துக்காக. போன வருஷம் வைகாசியில் மருத மரத்திலிருந்து விழுந்து இறந்த மீரான் சாகிபு பற்றி இதே ஸ்டேஷனில் ஒரு வாக்குமூலம் எழுதிக்கொடுத்தேன். உங்களுக்கு முன்னால் இருந்தவர் வாங்கிக்கொண்டார். அதில் நான்காவது வரியில், அவர் மேல் கள் வாடை வந்தது என்று எழுதியிருக்கிறேன். அப்படி எந்த வாடையும் வரவில்லை. அந்த வரியை நீக்கிவிட வேண்டும். ஆய்வுக் கட்டுரையில் ஒரு எண் தப்பாகப் போய்விட்டால் அடுத்த இதழில் திருத்தம் போடுவோம், அது எங்கள் பழக்கம்.

ஒரு வரியை எடுத்தால் பக்கத்து வரிகளும் ஆடும் என்பது எனக்குத் தெரியாமல் இல்லை. ஆகவே எல்லாவற்றையும் வரிசையாகச் சொல்லிவிடுகிறேன். உங்கள் ரைட்டர் அவசரப்படாமல் எழுதட்டும்.

என் பெயர் வயிரவன். இந்த ஊர்க் கல்லூரி ஒன்றில் விலங்கியல் துறையில் இருக்கிறேன். போன வருஷம் வரை டெமான்ஸ்ட்ரேட்டர், டாக்டர் பட்டம் வந்த பிறகு விரிவுரையாளர். அந்தப் பட்டத்துக்காகப் பதினொரு வருஷம் உழைத்தேன். என்னோடு சேர்ந்தவர்கள் எல்லாம் மேலே போய்விட்டார்கள், என்னிடம் படித்த பையன் ஒருவன் எனக்கே துறைத்தலைவனாக வந்தான். முப்பத்தெட்டு வயதில் தவளைக்கு ஊசி குத்தி மாணவர்களிடம் காட்டிக்கொண்டிருந்தேன். கல்யாணமும் அமையவில்லை. இருந்தது அந்த ஆராய்ச்சி ஒன்றுதான்.

அது என்ன ஆராய்ச்சி என்று சொன்னால்தான் மற்றது புரியும். பறவைப் பேன் கண்ட பறவையின் மேல் எல்லாம் வாழாது. காக்கைக்கு ஒரு பேன், குயிலுக்கு ஒரு பேன். ஒரு பறவைக் குலம் இரண்டாகப் பிரிந்தால், காலப்போக்கில் அதன் மேல் இருக்கும் பேன் குலமும் இரண்டாகப் பிரியும். லட்சக்கணக்கான வருஷங்களாக ஒன்றை ஒன்று விடாமல் வருகிற உறவு அது. பேனுக்குச் சிறகு கிடையாது. ஒரு பறவை இன்னொன்றை ஒட்டி இருக்கும்போதுதான் ஏறும். பெரும்பாலும் கூட்டுக்குள், அடைகாக்கும் சூட்டில், தாயிடமிருந்து குஞ்சுக்குப் போகும்.

குயிலிடம்தான் சிக்கல். குயில் காக்கைக் கூட்டில் முட்டையிட்டுவிட்டுப் போய்விடுகிறது. குஞ்சு தன்னைப் பெற்றவளைப் பார்ப்பதே இல்லை, காக்கையின் சூட்டில் வளர்கிறது. ஆனால் வளர்ந்த குயில்களின் மேல் இருப்பது குயிற்பேன். அது எப்போது வந்தது, எங்கிருந்து வந்தது? கூட்டைவிட்டு வெளியேறி மற்றக் குயில்களோடு சேர்ந்த பிறகு வருகிறது என்பது பொதுவான கருத்து. நான் கண்டது வேறு. காக்கைக் கூட்டிலிருந்து எடுத்த அறுபத்து மூன்று குயில் குஞ்சுகளில் நாற்பத்தோரு குஞ்சுகளின் மேல் குயிற்பேன் இருந்தது. அதாவது, பெற்றவள் முட்டையோடு பேனையும் விட்டுவிட்டுப் போகிறாள். அந்த ஒரு நிமிஷத்தில், அந்நியக் கூட்டில், தன் வம்சத்தில் ஒரு துளியை வைத்துவிட்டுத்தான் பறக்கிறாள். இதை முதன்முதலில் மைக்ராஸ்கோப்பில் பார்த்த அன்று நான் மேஜையில் தலையைக் கவிழ்த்து அழுதேன். சந்தோஷத்தில்தான்.

நீங்கள் இந்த ஊருக்குப் புதிது என்பதால் இன்னொன்றும் சொல்ல வேண்டும். எங்கள் சமூகத்தில் ஆண் வாரிசு இல்லாத வீட்டுக்குப் பங்காளி வீட்டிலிருந்து பிள்ளை கூட்டுவது, அதாவது தத்தெடுப்பது, வழக்கம். என்னை மூன்று வயதில் இளையாத்தங்குடியிலிருந்து கூட்டினார்கள். பெற்ற வீட்டின் பொருள் எதுவும் கூட வரக்கூடாது என்று அரைஞாண் கயிற்றைக்கூட அறுத்துவிட்டுப் புதிது கட்டினார்களாம். வந்த மறுநாள் என் தலை முழுக்கப் பேன் இருந்ததைப் பார்த்து மொட்டை அடித்தார்கள். "இவன் ஆத்தா வீட்டுச் சீரு, ஊர்ப்பட்ட பேன்" என்று வளர்த்த ஆத்தா வருகிறவர்களிடம் எல்லாம் சொல்லிச் சிரிப்பாள். நல்ல மனுஷிதான், எனக்கு ஒரு குறையும் வைக்கவில்லை. பெற்ற ஆத்தாவை விசேஷ வீடுகளில் பார்ப்பேன். மற்றப் பிள்ளைகளுக்குப் போலவே எனக்கும் பந்தியில் ஒரு கரண்டி பாயசம் ஊற்றிவிட்டு அடுத்த இலைக்குப் போய்விடுவாள். அறுபதாம் வருஷம் இறந்துபோனாள். செய்தி எனக்கு மூன்றாம் நாள்தான் வந்தது. அறுபத்தொன்றில் ஆராய்ச்சியைத் தொடங்கினேன். அதற்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை, வருஷக் கணக்கு தெரிவதற்காகச் சொன்னேன்.

மீரான் சாகிபு கவுதாரியும் காடையும் பிடிக்கிறவர். என்னைவிடப் பத்து வயது மூத்தவர். நான் பாய் என்பேன், அவர் என்னை சார் என்பார். கண்ணியும் வலையும் அவருக்குக் கைவந்த வேலை. மரம் ஏறுவதும் அப்படித்தான். குயில் முட்டையிடும் காலத்தில் விடியற்காலை இரண்டு பேரும் சைக்கிளில் கிளம்புவோம். அவர் கயிற்றின் ஒரு முனையை இடுப்பில் கட்டிக்கொண்டு ஏறுவார். கூட்டுக்கு மேலே ஒரு கவட்டையில் கயிற்றைப் போட்டு மறுமுனையைக் கீழே விடுவார். நான் அதை அடிமரத்தில் இரண்டு சுற்றுச் சுற்றிப் பிடித்துக்கொள்வேன். காக்கை நுனிக்கொம்பில்தான் கூடு கட்டும். கை எட்டாது, காக்கைகளும் கண்ணைக் குறிவைத்துக் கொத்த வரும். "பிடிச்சிருக்கீகளா சார்?" என்பார். "பிடிச்சிருக்கேன் பாய்" என்பேன். உடனே இரண்டு கையையும் மரத்திலிருந்து எடுத்துவிட்டுக் கயிற்றில் சாய்ந்துவிடுவார். ஒரு கை கண்ணை மறைக்கும், இன்னொரு கை கூட்டுக்குள் போகும். பதினொரு வருஷத்தில் ஒரு தடவைகூட அவர் குனிந்து பார்த்துச் சரிபார்த்ததில்லை.

குஞ்சை என் கண் முன்னால் தனித்துணிப்பையில் போட்டு முடிச்சுப் போடுவார். பைகள் எல்லாம் அவர் மனைவி பாத்திமுத்து தைத்தவை. முதல் மணி வகுப்புக்காக நான் கல்லூரிக்குப் போய்விடுவேன். அவர் ஆலமரத்தில் கட்டிய வலையைப் பார்த்து, விழுந்திருக்கும் பெரிய குயிலையும் எடுத்துக்கொண்டு பத்து மணிக்கு வருவார். குஞ்சு ஒரு பையில், பெரிய குயில் இன்னொரு பையில். ஒரு பறவைக்கு ஒரு பை என்பது எங்கள் வேலையின் முதல் விதி.

எழுபத்திரண்டு சித்திரையில் வடக்கேயிருந்து என் புறத்தேர்வாளரின் கடிதம் வந்தது. ஆய்வு அபாரம் என்று எழுதியிருந்தார். வைகாசிக் கடைசியில் வாய்மொழித் தேர்வுக்கு வருவதாகவும், இவ்வளவு பெரிய முடிவு என்பதால் பறவைகளைப் பிடித்தவரிடம் நேரில் பேச விரும்புவதாகவும் எழுதியிருந்தார். நான் மகிழ்ச்சியோடு மீரானைக் கூப்பிட்டுச் சொன்னேன். என்ன கண்டுபிடித்தோம் என்பதை அதுவரை அவருக்கு நான் விளக்கியதே இல்லை. அன்றுதான் விளக்கினேன். "பாய், பெத்தவளைப் பாக்காமலேயே அவ பேன் குஞ்சுக்கு வந்துருது. அதான் அவருக்கு ஆச்சரியம்."

அவர் சிரித்தார். "பாக்காம என்ன சார்? நாந்தான் காட்டிருவேனே."

எனக்குப் புரியவில்லை. அவர் நிதானமாகச் சொன்னார். "பையில தனியாப் போட்டா அந்தக் குஞ்சு ஓயாமக் கத்தும் சார். பாவம், பெத்தவ மூஞ்சியே தெரியாத உசுரு. எப்படியும் உங்ககிட்ட வந்தா சாகப்போகுது. அதான் வலையில பொட்டைக் குயிலு கிடைச்சதும் ரெண்டையும் ஒரே பைக்குள்ள விட்டுருவேன். கம்முனு ஒண்டிக்கிட்டு வரும். உங்க காலேஜு வாசல்கிட்ட வந்து மறுபடி பிரிச்சுக் கட்டிருவேன். அல்லா மேல ஆணையாச் சொல்றேன் சார், ஒரு குஞ்சுக்குக்கூட அந்த ஒரு மணி நேரத்தை நான் இல்லைன்னு சொன்னதில்ல. ஆத்தாவோட இருக்கட்டுமேன்னுதான்."

பொட்டைக் குயில் கிடைக்காத நாட்கள் உண்டா என்று கேட்டேன். உண்டு என்றார். மூன்று நாளுக்கு ஒரு நாள் அப்படி ஆகும் என்றார். அறுபத்து மூன்றில் பேன் இல்லாத குஞ்சுகள் இருபத்திரண்டு. இன்ஸ்பெக்டர், நான் கணக்கில் கெட்டி. அங்கேயே, பெஞ்சைப் பிடித்துக்கொண்டு நின்றபடியே கணக்கு முடிந்துவிட்டது.

அவர் மேல் எனக்குக் கோபம் வரவில்லை, இதைக் குறித்துக்கொள்ளுங்கள். அன்றிரவிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. ஆனாலும் நியாயமான மனிதன் செய்ய வேண்டியதைத்தான் செய்தேன். சோதித்துப் பார்த்தேன். வைகாசி முதல் இரண்டு வாரத்தில் மீரானை ஏறவைத்து ஏழு குஞ்சுகளை எடுத்தேன். வகுப்புகளுக்கு லீவு போட்டேன். ஒவ்வொரு பையையும் நானே மடியில் வைத்துக்கொண்டு வந்தேன். ஒவ்வொரு இறகாக விரித்துப் பார்த்தேன். ஏழில் இரண்டின் மேல் காக்கைப்பேன் இருந்தது. குயிற்பேன் ஒன்றுகூட இல்லை. ஏழாவது குஞ்சை மறுபடி மறுபடி பார்த்தேன். அதற்கு இறகே மிச்சம் இல்லாமல் போனது.

மீரானிடம் கெஞ்சினேன். கெஞ்சினேன் என்றுதான் சொல்ல வேண்டும், வேறு வார்த்தை இல்லை. வருகிறவர் கேட்டால் தனித்தனிப் பையில் கொண்டுவந்தேன் என்று மட்டும் சொல்லுங்கள் என்றேன். அவருக்கு என் பதற்றம் விளங்கவில்லை.

"கேட்டா உள்ளதைத்தானே சார் சொல்லணும்? நான் என்ன களவா செஞ்சேன்? நீங்களே அவுககிட்ட விவரமா எடுத்துச் சொல்லிருங்க, தப்பா நினைக்க மாட்டாக." பிறகு என் முகத்தைப் பார்த்துவிட்டு ஆறுதலாக ஒன்று சொன்னார். "பேன் இல்லாட்டிப் போகுது சார். பெத்தவ ஒண்ணும் விட்டுட்டுப் போகல, அம்புட்டுத்தான். வளத்தவ நல்லாத்தானே வளத்தா. அது போதாதா?"

அவருக்கு என் வீட்டு விஷயம் எதுவும் தெரியாது. அவர் குயிலைத்தான் சொன்னார்.

அதற்கு மூன்றாம் நாள் காலை ஆறு மணிக்கு ஆத்தங்குடிப் பாதையில் கண்மாய்க் கரைக்குப் போனோம். எட்டாவது குஞ்சு எடுக்க வேண்டும் என்று நான்தான் கூப்பிட்டேன். எட்டாவதில் இருக்கும் என்று நம்பினேன், அது உண்மை. வேறு எதையும் திட்டமிட்டு நான் வீட்டிலிருந்து கிளம்பவில்லை. மருத மரம், தரையிலிருந்து கூடு நாற்பது அடி இருக்கும். வழக்கம்போல ஏறினார், கவட்டையில் கயிற்றைப் போட்டார், மறுமுனை என் காலடியில் வந்து விழுந்தது. கீழே ஆரைக்கீரை பறித்துக்கொண்டிருந்த பொன்னுத்தாயி என்ற பெண் அப்போதுதான் கரை தாண்டிப் போனாள். அவள் எதையும் பார்க்கவில்லை, அவளைத் தொந்தரவு செய்ய வேண்டாம்.

காக்கைகள் கத்தத் தொடங்கின. "பிடிச்சிருக்கீகளா சார்?" என்றார்.

என் கையில் நோட்டுப்புத்தகம் இருந்தது. கயிறு என் செருப்புக்குப் பக்கத்தில் கிடந்தது. குனிந்து எடுக்க நேரம் இருந்தது. இன்னும் நாலு நாளில் அவர் வாயைத் திறந்தால் பதினொரு வருஷமும் போய்விடும் என்று நினைத்தேன். இந்தக் காரணத்தைத்தான் நீங்கள் எழுத வேண்டும்.

"பிடிச்சிருக்கேன் பாய்" என்றேன்.

அவர் இரண்டு கையையும் எடுத்தார்.

உடனே இறக்கவில்லை. அதையும் முதல் வாக்குமூலத்தில் தவறாக எழுதியிருந்தேன். அரைமணி நேரத்துக்கு மேல் இருந்தார். கால் இரண்டும் வேறு பக்கம் திரும்பியிருந்தன. விழும்போது கையோடு வந்த குஞ்சைக் கழுத்தில் தொங்கிய பையோடு சேர்த்துப் பொத்திக்கொண்டு, அதன் மேல் தன் எடை விழாதபடி விழுந்திருந்தார். குஞ்சு உயிரோடு இருந்தது. "கயிறு அந்துருச்சா சார்?" என்று கேட்டார்.

"ஆமா பாய், அந்துருச்சு" என்றேன். அவரிடம் அப்படிச் சொன்னேன், உங்கள் ஸ்டேஷனில் குடித்துவிட்டுக் கயிறு வேண்டாம் என்று ஏறினார் என்று எழுதிக்கொடுத்தேன். போன வருஷம் கள்ளுக்கடைகள் திறந்திருந்ததால் யாரும் சந்தேகப்படவில்லை. கயிறு இப்போதும் என் வீட்டுப் பின்கட்டில், நெல் குதிருக்குப் பின்னால் இருக்கிறது. நல்ல கயிறு, எங்கும் அறுபடவில்லை.

தண்ணீர் கேட்டார். கண்மாயில் தண்ணீர் கிடந்தது, முப்பது அடி தூரம்தான். ஆனால் நான் அப்போது வெள்ளைத் துணியை விரித்துக் குஞ்சை எடுத்து வைத்துவிட்டேன். வெளிச்சம் பட்டால் பேன் இறகுக்குள் ஓடிவிடும், நடுவில் எழுந்து போக முடியாது. லென்ஸை வைத்துக்கொண்டு இருபது நிமிஷம் பார்த்தேன். அவர் மூன்று தடவை கேட்டார். நாலாவது தடவை "பேன் இருக்கா சார்?" என்று கேட்டார். எனக்காகத்தான் கேட்டார்.

இருந்தது. வலது சிறகின் அடியில் ஒரே ஒரு பேன். ஊசி முனையில் எடுத்து, மாதிரிகளைப் போட்டுவைக்கும் சாராயக் குப்பியில் போட்டு மூடினேன். "இருக்கு பாய்" என்று சொல்லித் திரும்பியபோது அவர் கண் திறந்தே இருந்தது. கேட்டாரா என்று தெரியவில்லை. கேட்டிருந்தால் சந்தோஷப்பட்டிருப்பார்.

பிடித்தவர் விபத்தில் இறந்த செய்தி அறிந்ததும் தேர்வாளர் மிகவும் வருந்தினார். துக்கத்தில் இருக்கிறவனிடம் என்ன கேட்பது என்று அரைமணி நேரத்தில் வாய்மொழித் தேர்வை முடித்துக்கொண்டார். ஆய்வேட்டின் முதல் பக்கத்தில் மீரான் சாகிபுக்கு நன்றி எழுதியிருக்கிறேன்.

போன வாரம் பாத்திமுத்து என் வீட்டுக்கு வந்தாள். மகள் ஷரபுன்னிசாவுக்குத் தேவகோட்டையில் பேசி முடித்திருந்த சம்பந்தம் நின்றுபோயிற்றாம். குடித்துவிட்டு விழுந்து செத்தவன் மகள் வேண்டாம் என்று சொல்லிவிட்டார்களாம். ஒரு மூட்டையை என் முன்னால் வைத்தாள். அவ்வளவும் துணிப்பைகள், துவைத்து மடித்தவை.

"இதெல்லாம் உங்க பைக சார். வீட்ல கிடந்துச்சு. அவுக அன்னைக்குக் கழுத்துல போட்டிருந்ததும் இதுலதான் இருக்கு" என்றாள். "ஊரு ஆயிரம் சொல்லட்டும், நீங்க சொன்னாத்தான் நான் நம்புவேன். அவுகளுக்கு எந்நேரமும் உங்க பேச்சுத்தான். அவுக குடிச்சிருந்தாகளா சார்?"

நான் அந்தப் பைகளைப் பற்றித்தான் கேட்டேன். ஒவ்வொரு தடவையும் துவைத்ததா, அன்றைக்குக் கொண்டுவந்த பையுமா என்று கேட்டேன்.

அவள் என்னை ஒருமாதிரி பார்த்தாள். "கொதிக்கிற தண்ணியில போட்டு அலசி, வெயில்ல காயவச்சுத்தான் குடுப்பேன். சார் பையில பூச்சி பொட்டு இருக்கக் கூடாதுன்னு அவுக சொல்லிருக்காக. அன்னைக்கும் அப்படித்தான்."

அப்படியானால் அந்தப் பேன் பையிலிருந்து வரவில்லை, இன்ஸ்பெக்டர். அன்று வலைக்கும் போகவில்லை, பெரிய குயில் எதையும் அந்தக் குஞ்சு தொடவில்லை. கூட்டிலிருந்தே வந்திருக்கிறது. எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. பாத்திமுத்து முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதுகொண்டிருந்தாள். நான் அவள் கையைப் பிடித்து, ரொம்ப நன்றி அம்மா என்றேன். ஏன் நன்றி சொல்கிறேன் என்று அவளுக்கு விளங்கவில்லை. தன் கேள்வியை இன்னொரு தடவை கேட்டாள். அவளுக்கு ஒரு பதில் கடன் என்று தோன்றியதால்தான் இன்று இங்கே வந்தேன்.

எழுதிக்கொள்ளுங்கள். மீரான் சாகிபு குடிக்கவில்லை, குடிக்கிற வழக்கமே அவருக்குக் கிடையாது. கயிறு இருந்தது. பிடித்திருக்கிறேன் என்று சொன்னேன், பிடிக்கவில்லை. அவரைக் கொன்றது நான். இதை அவர் மகள் கல்யாணத்துக்கு உதவும்படி எழுத்தில் கொடுத்துவிடுங்கள். எங்கே கையெழுத்துப் போட வேண்டும் என்று காட்டினால் போடுகிறேன்.

இந்தக் குப்பியையும் சாட்சியாக ஒப்படைக்கிறேன். ஒரு வருஷமாக என் சட்டைப்பையில்தான் இருக்கிறது. மூடியில் மெழுகு வைத்திருக்கிறேன். காக்கைப்பேனா குயிற்பேனா என்று மைக்ராஸ்கோப்பில் பார்க்க ஐந்து நிமிஷம் போதும், நான் பார்க்கவில்லை. நீங்களும் யாரிடமும் கொடுத்துப் பார்க்கச் சொல்ல வேண்டாம். பார்ப்பதற்கு என்ன இருக்கிறது? அதை யார் விட்டுவிட்டுப் போனாள் என்று எனக்குத் தெரியும்.